கோச் மொழிகள்

கோச் மொழிகள் வடகிழக்கு இந்தியாவிலும் வங்கதேசத்தின் வட எல்லையிலும் பேசப்படும் திபெத்திய-பர்மிய மொழிகளாகும். போடோ-காரோ குழுவின் ஒரு கிளையான இவற்றில் கோச், ராபா, ஆதோங், ருகா ஆகியவை அடங்கும்.

பரவல்: கோச் மொழி மேகாலயாவின் காரோ மலைப்பகுதியிலும் அசாமிலும் வழங்குகிறது. வனாங், திந்தெகியா, ஹரிகயா முதலியன அதன் வட்டார வழக்குகள். ராபா அசாமின் கோவால்பாரா பகுதியிலும் வட வங்காளத்திலும் பேசப்படுகிறது. ஆதோங், தெற்கு காரோ மலையின் சிம்சாங் ஆற்றுப் பகுதிக்குரியது. இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் ராபா பேசுவோர் சுமார் 1.4 லட்சம், கோச் பேசுவோர் சுமார் 36,000.

இலக்கணம்: வினைச்சொல் வாக்கிய இறுதியில் வரும். எண்ணும் பொருளின் வகைக்கேற்ப எண்ணோடு வகைச்சொல் சேரும்.

மக்கள்: 16ஆம் நூற்றாண்டில் விஸ்வ சிங்கா நிறுவிய கோச் அரசு, மன்னர் நரநாராயணன் காலத்தில் உச்சமடைந்தது. கூச் பெஹார் நகரின் பெயரில் கோச் மக்களின் பெயர் நிலைத்துள்ளது. சமவெளிக் கோச் மக்களுள் பெரும்பாலோர் காலப்போக்கில் இந்தோ-ஆரிய மொழிகளுக்கு மாறினர். மேகாலயக் கோச் மக்களிடம் குலம் தாய்வழியே தொடர்கிறது.

இன்றைய நிலை: அசாமியம், வங்காளம், காரோ ஆகியவற்றின் செல்வாக்கால் இம்மொழிகள் நலிந்து வருகின்றன. ருகா ஏறத்தாழ மறைந்துவிட்டது. எஞ்சியவை நிலைக்க, வீட்டுப் பேச்சோடு பள்ளிக் கல்வியிலும் அவற்றுக்கு இடம் வேண்டும்.