அக்கியும் அம்மையும் - ஒரே வைரஸ், ரெண்டு அவதாரம்

நம்மூர்ல அக்கி வந்தா குயவர்கிட்ட போய் காவிமண்ணால 'எழுதிட்டு' வருவாங்க. சின்னம்மைன்னா வேப்பிலை. ரெண்டும் வேற வேற சங்கதின்னு நம்ம பாட்டிங்க மட்டுமில்ல, டாக்டர்களும் ரொம்ப காலம் நினைச்சுட்டிருந்தாங்க.

முதல்ல சந்தேகப்பட்டவர்கள்ல ஒருத்தர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புடாபெஸ்ட்ல இருந்த குழந்தை மருத்துவர் யானோஷ் போகாய். பெரியவங்களுக்கு அக்கி இருக்கற வீட்ல குழந்தைகளுக்கு ஏன் சின்னம்மை வருது? 1925-ல் குந்த்ராடிட்ஸ் என்பவர் அக்கிக் கொப்புள நீரைக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்த்தார். வந்தது சின்னம்மை! (இன்னிக்குன்னா எவனும் அனுமதிக்க மாட்டான்.)

எனக்கு இதுல ஹீரோ எட்கர் ஹோப்-சிம்ப்சன்தான். இங்கிலாந்துல சைரன்செஸ்டர்ங்கற ஊரின் குடும்ப டாக்டர். தன்கிட்ட வந்த அக்கி நோயாளிகளை 16 வருஷம் குறிச்சு வச்சு, 1965-ல் சொன்னார்: அம்மை இறங்கினாலும் வைரஸ் போறதில்லை, நரம்பு முடிச்சுல தூங்குது. வயசாகி எதிர்ப்பு சக்தி குறையறப்ப முழிச்சு, அந்த நரம்பு வழியாவே வெளிய வருது. 1984-ல் டி.என்.ஏ. ஆய்வும் ஒரே ஆளின் அம்மையிலும் அக்கியிலும் இருந்தது ஒரே வைரஸ்தான்னு காட்டிச்சு.

அதனாலதான் அக்கி உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டை மாதிரி வருது. முதல்ல எரிச்சல், வலி, அப்புறம் கொப்புளம். வைரஸை அடக்கற மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். கண் பக்கம்னா ஒரு நாள்கூட தள்ளக்கூடாது.

காவி எழுதறதுல எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் எழுதிக்கோங்க, அவ்ளோதான்.