வொர்த்தின் உடையா, டெல்லியின் உடையா? மேரி கர்சனின் மயில் உடை குறித்து ஒரு மறுவாசிப்பு

1903 ஜனவரி 6 இரவு, டெல்லிச் செங்கோட்டையின் திவான்-இ-காஸ் மண்டபத்தில் பிரிட்டிஷ் மன்னரின் முடிசூட்டைக் கொண்டாடிய தர்பாரையொட்டி நடந்த நடன விருந்துக்கு வைஸ்ராயின் மனைவி மேரி கர்சன் அணிந்து வந்த உடை, இன்று இங்கிலாந்தின் டார்பிஷயரில், கர்சன் குடும்பத்தின் கெடில்ஸ்டன் மாளிகையில் இருக்கிறது. 'மயில் உடை' என்று அதற்குப் பெயர். எடை ஏறத்தாழ நாலரை கிலோ. இதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பாரிஸின் வொர்த் ஆடை நிறுவனத்தின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த வரிசை தலைகீழானது என்பது என் வாதம்.

உடையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் போதும். மேற்சட்டை, தரையில் புரளும் பாவாடை என்று இரண்டு பகுதிகள். அடித்துணி கண்ணில் படுவதே அரிது. கூரைக்கு ஓடு வேய்ந்தாற்போல், பொன், வெள்ளிக் கம்பியில் இழைத்த மயிலிறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. ஒவ்வோர் இறகின் கண்ணிலும் ஒரு பச்சைத் துண்டு. விருந்தில் பார்த்தவர்கள் மரகதம் என்றே நினைத்தார்களாம். அது பொன்வண்டின் இறக்கை உறை. பள்ளிக்கூட நாளில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பச்சையை விளக்க வேண்டியதில்லை. பாரிஸின் கையைத் தேடினால் தையற்கட்டிலும் பாவாடையின் கீழ்விளிம்பில் வைத்த வெள்ளை ரோஜாக்களிலும்தான் அது தட்டுப்படுகிறது.

பூத்தையல் முழுவதும் டெல்லியில், கிஷன் சந்த் பட்டறையில் நடந்தது. முடிந்த துணி பாரிஸுக்குப் போய் உடையாகத் தைக்கப்பட்டது. 'துணி நெய்தவரைவிடத் தைத்தவருக்கே உடை சொந்தம்' என்ற வழக்கமான வாதத்தை இங்கே பொருத்த முடியாது. ஜர்தோசி எனப்படும் இந்தப் பூத்தையல் வேலையில் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, உலோகக் கம்பியை அதன் மேற்பரப்பில் படியவைத்துத் தைப்பார்கள். வேலை முடிந்த துணியில் இஷ்டம்போல் கத்தரி போட்டால் கம்பி பிரிந்துவிடும். ஆகவே இடுப்பு எங்கே ஒடுங்குகிறது, பாவாடை எங்கே விரிகிறது என்பது ஊசி குத்துவதற்கு முன்பே பட்டறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வடிவக் கணக்கு பாரிஸிலிருந்து வந்திருந்தாலும், அதை இறகு இறகாகத் துணியில் இறக்கியவை டெல்லிக் கைகள்.

பொன்வண்டின் இறக்கை உறை ஐரோப்பாவுக்குப் புதிதல்ல. 1888-இல் எல்லன் டெர்ரி லேடி மேக்பெத்தாக நடித்த உடையிலும் அது இருந்தது. புதிது என்றால், அரசாங்க மேடையில் அது ஏறிய விதம். திவான்-இ-காஸில்தான் ஷாஜகானின் மயிலாசனம் இருந்தது. 1739-இல் நாதிர்ஷா அதை அள்ளிப் போனான். 1858-இல் அதே மண்டபத்தில் கடைசி முகலாயரான பகதூர்ஷா ஜாபரை ஆங்கிலேயர் விசாரித்தார்கள். அங்கே மயிலை உடுத்தி வந்து நின்றதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. இத்தனைக்கும் உடுத்தியவர் ஆங்கிலேயரும் அல்லர். சிகாகோ வணிகர் லெவை லைட்டரின் மகள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அதே தர்பாரையொட்டி, ஜார்ஜ் வாட் பொறுப்பில், இந்தியக் கலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. ஐரோப்பியச் சாயல் பட்ட எந்தப் பொருளும் அதில் இடம்பெறக் கூடாது என்பது கர்சன் பிரபுவின் கண்டிப்பு. மேல்நாட்டுச் சாமான்களால் அரண்மனையை நிரப்பும் சமஸ்தானாதிபதிகளையும் அவர் சாடினார். அவருடைய மனைவியின் உடையோ டெல்லி ஊசியும் பாரிஸ் கத்தரியும் கலந்தது. கண்காட்சியின் விதிப்படி அதற்கு உள்ளே இடமில்லை! மேரி இந்தியப் பூத்தையலுக்கு ஐரோப்பாவில் சந்தை தேடியவர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த முயற்சி உண்மையானது. ஆனால் கலப்புக்கான உரிமை யார் கையில் இருந்தது என்பதை இந்த உடை காட்டிக்கொடுக்கிறது.

செலவைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. 1899–1900 பஞ்சத்தின் வடு ஆறாத நேரம். 1903 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸில், தலைவர் லால்மோகன் கோஷ் பட்டினி கிடக்கும் மக்களுக்கு முன்னால் நடத்திய ஆடம்பரம் என்று தர்பாரைக் கண்டித்தார்.

மேரி 1906-இல், 36 வயதில் இறந்தார். வில்லியம் லாக்ஸ்டெயில் அந்த உடையில் அவரைத் தீட்டிய ஓவியம் 1909-ஐச் சேர்ந்தது. அதாவது உடை இருந்தது, உடுத்தியவர் இல்லை. மயிலிறகு வீட்டுக்கு ஆகாது என்ற ஆங்கில நம்பிக்கையை அவர் சாவோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. முருகனின் வாகனத்தை அறிந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

120 ஆண்டுகளில் கம்பி கறுத்து மங்கிவிட்டது. அதன் கனமே துணியை இழுத்து நலிவிக்கிறது. வண்டின் பச்சை மட்டும் அப்படியே நிற்கிறது. அது சாயம் அல்ல. இறக்கை உறையின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் எழும் நிறம் என்பதால் வெளுப்பதில்லை. இன்று பார்வையாளரின் கண் முதலில் போய் நிற்பது டெல்லிப் பட்டறை பதித்த அந்தக் கண்களில்தான். அட்டவணைக் குறிப்பையும் அந்த வரிசையிலேயே எழுதலாம்: பூத்தையல்: கிஷன் சந்த் பட்டறை, டெல்லி; தையல்: வொர்த், பாரிஸ்.