நிமிர்ந்த முதுகும் இரவுக் கச்சையும்



கோணமாமலையைப் பாடிய திருஞானசம்பந்தர், மதுரையிலே கூன்பாண்டியனின் கூனை நிமிர்த்தி அவனை நின்றசீர் நெடுமாறன் ஆக்கினார் என்பது சைவ மரபு. வளைந்த முதுகை நிமிர்த்தும் வேட்கை மனிதனுக்கு எத்துணைப் பழமையானது என்பதை அக்கதை உணர்த்தும்.

இன்று நான் கூற வந்தது கூனைப் பற்றியன்று. கூன் முன்னோக்கிக் குனிவது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, தன்னைத் தானே முறுக்கியும் கொள்ளும் நோய் ஒன்றுண்டு. அதனை வைத்தியர்கள் ‘ஸ்கோலியோசிஸ்’ என்பர். பத்து வயதுக்குமேல், விரைந்து வளரும் பருவத்திலே, நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளிடம் இது தோன்றும். பெரிதாகும் வளைவுகள் பெண்பிள்ளைகளிடமே மிகுதி. பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. புத்தகப்பையின் சுமையோ உட்காரும் முறையோ இதனை உண்டாக்குவதில்லை.

ஓர்ஸ் ஹில்லிலே பாடசாலை அதிபராக இருக்கும் நானும், காலைக் கூட்டத்தில் ஒரு தோள் தாழ நின்ற மாணவியைப் பார்த்து, “நேரே நில், பிள்ளை!” என்று கடிந்ததுண்டு. அவளால் அது இயலாது என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்த அறியாமையே இவ்வரலாற்றைத் தேடத் தூண்டியது.

கிரேக்க நாட்டு இப்போகிராத்தர் காலத்தில் நோயாளியை ஏணியில் கட்டிக் குலுக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சு வைத்தியர் அம்புருவாஸ் பாரே இரும்புக் கச்சை அணிவித்தார். 1741இல் நிக்கொலாஸ் ஆந்திரி தம் நூலிலே, கோணிய இளமரத்தைக் கழியொன்றில் கட்டி நிமிர்த்தும் படத்தை அமைத்தார். 1895இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது. 1948இல் ஜான் கொப் வளைவைப் பாகைக் கணக்கில் அளக்கும் வழியைக் கூறினார். 1940களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்த கச்சை, இடுப்பிலிருந்து கழுத்துவரை எழுந்தது. நாளொன்றுக்கு 23 மணி நேரம் அணியவேண்டியது. பள்ளிப் பிள்ளைக்கு அது எத்தகைய துன்பம்! 1970களில் சட்டைக்குள் மறையும் பிளாஸ்டிக் கச்சை பொஸ்டனில் வந்தது.

1979இல் சார்ள்ஸ்ரனில் வேறொரு சிந்தனை உதித்தது. படுத்திருக்கும்போது உடலின் பாரம் முதுகெலும்பை நிலைக்குத்தாக அழுத்துவதில்லை. ஆதலால், வளைவுக்கு எதிர்ப்புறமாக உடலை நன்கு வளைத்துப் பிடிக்கும் கச்சையை உறங்கும்போது மட்டும் அணியலாம் அல்லவா? பகலிலே பிள்ளை மற்றவரைப் போல் ஓடியாடலாம்.

இது பயன் தருமா? 2013இல் வெளிவந்த அமெரிக்க, கனடிய ஆய்வொன்றில், பெரும்பாலும் பகலிலும் அணியும் கச்சையால் நூற்றுக்கு 72 பேரும், கச்சையின்றி 48 பேரும் வளைவு முற்றாது தப்பினர். 2024இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு இரவுக் கச்சையையே சோதித்தது. அதனை அணிந்த 45 பேருள் 34 பேருக்கு வளைவு குறிப்பிடத்தக்க அளவு மிகவில்லை. வழமையான உடலுழைப்பை மட்டும் மேற்கொண்ட 45 பேருள் அவ்வாறு இருந்தோர் 24 பேரே.

கச்சை வளைவை முற்றாக மாற்றுவதன்று. வளராமல் தடுப்பதே அதன் பணி. வளர்ச்சி நின்றபின் அதனாற் பயனில்லை. எவருக்கு எந்தக் கச்சை என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

ஆகவே, பெற்றோரே, ஆசிரியரே! பிள்ளையை முன்னே குனியச் செய்து பின்புறமிருந்து பாருங்கள். முதுகின் ஒருபுறம் மேடாகத் தோன்றினால் கடிந்துகொள்ளாதீர்கள். வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆந்திரியின் மரம் இளமரம் என்பதை மறவாதிருப்போம்.