வட்டியே இல்லாத கல்விக்கடன்: யார் தர்றாங்க? திருப்பிக் கட்டலைன்னா என்ன ஆகும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு, கவுன்சிலிங்கில் சீட்டும் கிடைத்தாச்சு. முதல் வருஷ ஃபீஸுக்குத்தான் பணம் இல்லை. வங்கிக் கடன் வாங்கலாம் என்றால், "வட்டிக்கு வாங்கிப் படிக்க வேண்டாம்" என்கிறார் வாப்பா. தஞ்சாவூர் மாவட்டத்தின் கடலோர ஊரான அதிராம்பட்டினத்தில் அட்மிஷன் சீசனில் இந்தப் பேச்சு புதிதல்ல. வட்டி கூடாது என்பது மார்க்கக் கட்டளை என்பதால், முஸ்லிம் குடும்பங்கள் பல வங்கிக் கல்விக்கடன் பக்கமே போவதில்லை. பணம் புரளவில்லை என்றால் சீட்டை விட்டுவிட வேண்டியதுதான்.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. அதுதான் அறக்கட்டளைகள் தரும் வட்டியில்லா கல்விக்கடன்.

ஸ்காலர்ஷிப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்காலர்ஷிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. வங்கிக் கடனை வட்டியோடு திருப்ப வேண்டும். வட்டியில்லா கடன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாங்கிய தொகையை மட்டும், படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு, தவணையாகத் திருப்பிக் கட்டினால் போதும். அந்தப் பணம் அடுத்து வரும் மாணவருக்கு ஃபீஸாகப் போகும். குர்ஆனில் வரும் 'கர்ளன் ஹஸனா', அதாவது 'அழகிய கடன்' என்ற சொல்தான் முஸ்லிம் அமைப்புகளில் இதற்குப் பெயர்.

கணக்காகப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நான்கு வருடப் படிப்புக்கு வருடம் 1 லட்சம் வீதம் 4 லட்சம் வங்கிக் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு 5 வருட வட்டி, அடுத்தடுத்த லட்சங்களுக்கு 4, 3, 2 வருட வட்டி. தனிவட்டியாகப் போட்டாலே 1.4 லட்சம் ரூபாய். முதல் தவணை கட்டும் முன்பே கடன் 5.4 லட்சம் ஆகிவிடும். வட்டியில்லா கடனில் அது 4 லட்சமாகவே இருக்கும். மாதம் 5,000 ரூபாய் கட்டினால் 80 மாதத்தில் முடிந்துவிடும்.

இதெல்லாம் புதுசா வந்ததா?

இல்லை. வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்கப் போகும் இந்தியர்களுக்காக ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-லேயே ஜே.என்.டாட்டா அறக்கட்டளையைத் தொடங்கினார். அது இன்றைக்கும் 'கடன் உதவித்தொகை' தருகிறது. முன்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் டாட்டா உதவியில் லண்டன் போய்ப் படித்தவர்தான்.

முழுக்க வட்டி இல்லாத முறைக்குப் பெரிய உதாரணம், ஜெத்தாவில் இருக்கும் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் திட்டம். உறுப்பினரல்லாத நாடுகளில் வாழும் ஏழை முஸ்லிம் மாணவர்களுக்காக 1983-84-ல் தொடங்கியது. இந்தியா அந்த வங்கியில் உறுப்பினர் இல்லை. ஆப்பிரிக்காவில் கென்யா, தான்சானியா, எத்தியோப்பியாவும் இல்லை. அதனால் இந்த நாட்டு மாணவர்களுக்கு இந்தத் திட்டம். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்குக் கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: மாணவருக்கு இது கடன், அவருடைய சமுதாயத்துக்கு நன்கொடை. மாணவர் திருப்பிக் கட்டும் பணம் ஜெத்தாவுக்குத் திரும்பாது. உள்நாட்டு அறக்கட்டளையில் சேர்ந்து அடுத்த மாணவருக்குப் போகும். இந்தியாவில் இதை டெல்லியில் உள்ள ஸ்டூடன்ட்ஸ் இஸ்லாமிக் டிரஸ்ட் கவனித்து வந்தது.

ஆப்பிரிக்காவில் வேறொரு முறையும் உண்டு. ருவாண்டாவில் 'சான்சன்' என்ற அமைப்பு கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடும். மாணவர் வேலைக்குப் போய், சம்பளம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகே, அதில் ஒரு பங்கைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்ட வேண்டும். வேலை கிடைக்காதவரின் கழுத்தை நெரிக்காத ஏற்பாடு.

அதிராம்பட்டினத்துக்கு இது ஏன் பொருந்தும்?

ஊர்ப் பணத்தில் படிப்பு என்பது இங்கே பழகிய விஷயம். எம்.கே.என். மதரசா டிரஸ்ட் நடத்தும் காதிர் முகைதீன் கல்லூரி 1955-ல் தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரி இங்கே படித்தவர்தான். அதிரை பைத்துல்மால் நகையின் பேரில் வட்டியில்லா கடன் தருவதும் ஊரறிந்தது. வளைகுடாவிலும் மற்ற நாடுகளிலும் சம்பாதிப்பவர்கள் ஊருக்கு அனுப்பும் உதவிப் பணம் வேறு.

தேவை முஸ்லிம் வீடுகளோடு நிற்கவும் இல்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. தேங்காய்க் காசை நம்பிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய வீடுகளுக்கு அந்த வருமானம் ஒரே இரவில் போனது. புதுக் கன்று காய்க்கப் பல வருடம் ஆகும். பிள்ளையின் படிப்பு அதுவரை காத்திருக்காது.

சிக்கல் எங்கே?

திருப்பிக் கட்டுவதில்தான். வங்கியில் தவணை தவறினால் சிபில் ஸ்கோர் விழும், நோட்டீஸ் வரும். அறக்கட்டளைக் கடன் பெரும்பாலும் சிபிலில் ஏறுவதே இல்லை. ஜாமீன் போட்ட உறவினரும், ஊரில் தலைகாட்ட வேண்டுமே என்ற கூச்சமும்தான் பிடிமானம்.

ஒரு அறக்கட்டளையிடம் 10 லட்சம் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றுக்குப் பிறகு 8 லட்சம், அடுத்து 6.4 லட்சம், மூன்றாவது சுற்றில் 5.12 லட்சம். பாதி போச்சு. எல்லோரும் ஒழுங்காகக் கட்டினாலும் விலைவாசி விடாது: இன்று கொடுத்த 4 லட்சம் பத்து வருடம் கழித்துத் திரும்பும்போது அதே படிப்புக்குப் போதாது. ஆகவே புது நன்கொடை இல்லாமல் இந்த நிதி தாக்குப்பிடிக்காது. அந்த நன்கொடையிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜகாத் பணம் பெறுபவருக்கே சொந்தமாகிவிட வேண்டும் என்பது மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. அதனால் கடன் நிதிக்குப் பொதுவாக சதகா போன்ற மற்ற நன்கொடைகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

வரிக் கணக்கில் மட்டும் பிரச்சினை குறைவு. அறக்கட்டளை கல்விக்கடனாகக் கொடுத்த தொகையை அறப்பணிச் செலவாகக் காட்டலாம், திரும்பி வரும்போது அந்த வருட வருமானமாகக் காட்ட வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1973-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

அரசு தரப்பில் என்ன இருக்கு?

சிறுபான்மையினருக்கு டாம்கோ மூலம் கல்விக்கடன் உண்டு. வட்டி இருக்கிறது, ஆனால் குறைவு: ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு 3 சதவீதம். 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு மாணவர் என்றால் 8, மாணவி என்றால் 5 சதவீதம். வங்கிக் கடன் வாங்கினாலும், தொழில்சார் படிப்புகளுக்கு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. நம்ம பிள்ளைகளுக்கும் கிடைக்கும் என்பதே தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எதற்கு விண்ணப்பித்தாலும் தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழ், கல்லூரி தரும் கட்டண விவரச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார் கையில் வேண்டும். அறக்கட்டளைக் கடன் என்றால் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: தவணை எந்த மாதம் தொடங்கும், வேலை கிடைக்காவிட்டால் எவ்வளவு அவகாசம், 'சேவைக் கட்டணம்' என்ற பெயரில் ஏதாவது பிடிப்பார்களா. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் கைக்கு வர நாளாகலாம். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது.