விளிம்பில் எஞ்சிய நிறம்

நாணயம் இட்டு ஆடும் வீடியோ ஆட்டப் பெட்டிகளின் வரலாறு பெரும்பாலும் திரையிலிருந்தே எழுதப்படுகிறது. 1972-இல் அடாரியின் பாங், 1978-இல் டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-இல் நாம்கோவின் பேக்-மேன் என அவ்வரிசை நீளும். பெட்டியின் தச்சுவேலையைப் பற்றிய பேச்சு அரிது. நாம் இங்கே காணவிருப்பது அப்பெட்டியின் ஓரத்தில் ஓடும் பிளாஸ்டிக் பட்டையை மட்டுமே.

1971-இல் வந்த கம்ப்யூட்டர் ஸ்பேஸ் கண்ணாடியிழையால் வார்க்கப்பட்ட உடலைக் கொண்டிருந்தது. பின்னர் ப்ளைவுட்டும் மரத்தூள் பலகையும் வழக்கமாயின. அறுத்த பலகையின் ஓரம் சிராய் தெறிக்கும், ஈரம் குடிக்கும். அதை மறைத்துக் காக்க வந்ததே 'டி-மோல்டிங்'. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம் தெரியும். தலைப்பகுதி பலகையின் ஓரத்தை மூடும். தண்டுப்பகுதியிலுள்ள முட்கள், பலகையில் கீறிய காடிக்குள் கவ்விக்கொள்ளும். ஆணியும் வேண்டா, பசையும் வேண்டா.

1983-இல் அமெரிக்காவில் இத்தொழில் சரிந்தது. உரிமையாளர்கள் பலர் பழைய பெட்டிக்குள் புதிய ஆட்டத்தைப் பொருத்தி, மேலே வண்ணம் பூசிப் பிழைத்தனர். சிலர் பட்டையின்மீதும் சேர்த்தே பூசிவிட்டனர். ஏடு பெயர்த்து எழுதியோர் மூலத்தை மாற்றிவைத்த கதை இலக்கியம் பயின்ற நமக்குப் புதிதன்று. ஆயினும் இங்கே ஒரு நல்வாய்ப்பு உண்டு. காடிக்குள் புதைந்த தண்டைத் தூரிகை தொடுவதில்லை. பட்டையை உருவினால் அதன் முதல் நிறம் அங்கே அப்படியே இருக்கும்.

ஆகவே பட்டையை அவசரமாகப் பிய்த்தெறிதல் தகாது. முடி உலர்த்தியால் இளஞ்சூடு காட்டி மெல்ல உருவ வேண்டும். தரை கழுவிய நீர் ஏறி அடிப்பகுதி உப்பியிருப்பின், அதை உலர்த்தி, எபாக்ஸி ஊட்டி, இடுக்கியால் இறுக்கிய பின்னரே மற்ற வேலை. காடி தளர்ந்திருந்தால் அதை அடைத்து, ரௌட்டரால் புதிதாகக் கீற வேண்டும். பசை தடவிப் பட்டையை ஒட்டிவிடுவது எளிது. ஆனால் அடுத்தமுறை கழற்றுபவர் கையில் பலகையின் சதையும் சேர்ந்து வந்துவிடும். இதை நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம்.

புதுப் பட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டி ஏற்றுவர். கூரிய புறமூலையில் தண்டை மட்டும் முக்கோணமாகக் கொத்திவிட்டால் மடிப்பு விழாது. இழுத்துப் பொருத்தினால் பிற்பாடு சுருங்கி இடைவெளி காட்டும்.

முழுதும் புதுப்பிப்பதா, கீறலோடு காப்பதா என்னும் வழக்கு மீட்பாளரிடையே ஓயாதது. உடையாத பட்டையைக் கழுவி மீண்டும் அணிவிப்பதே நம் கட்சி. மாற்றியே தீரவேண்டுமெனில், பழையதில் ஒரு சாண் துண்டையேனும் நறுக்கிப் பெட்டியின் உட்புறத்தில் கட்டிவைக்கலாம். அடுத்துத் திறப்பவருக்கு அது பயன்படும்.