தேயிலைப் புழுவும் மென்பொருட் சோதனையும்

ஒரு குறையை நீக்கப் புகுந்து, செவ்வனே இயங்கிவந்த மற்றொன்றைத் தம்மையறியாமற் கெடுத்துவிடுதல் மென்பொருள் இயற்றுவோர்க்கு அடிக்கடி நேரும் இடராகும். இதற்கு ஏற்ற சான்று கணினி நூல்களிலன்றி, இலங்கை மலைநாட்டுத் தேயிலையின் வரலாற்றிலேயே கிடைக்கின்றது.

1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர்த் தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. அக்காலத்துத் தோட்டங்களுக்குப் பெருந்தொல்லையாயிருந்தது, இளங்கொழுந்துகளை நூலாற் பிணைத்து உள்ளிருந்தே தின்னும் தோர்த்திரிக்ஸ் என்னும் புழு. 1930களின் நடுப்பகுதியில் யாவாத் தீவிலிருந்து சிறு குளவியொன்று கொணர்ந்து விடப்பட்டது. அது புழுவின் உடலில் முட்டையிட்டுப் பெருகிற்று. புழுவின் தொல்லை வெகுவாகத் தணிந்தது. இங்ஙனம் ஒன்று நன்கு நடைபெறும்போது அதனை ஒருவரும் நினைப்பதில்லை.

1950களில், தேயிலைக் கிளைகளைக் குடைந்து முறியச்செய்யும் துளைவண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. வண்டைப் பொறுத்தவரை மருந்து பலனளித்தது. ஆனால் அந்நஞ்சு குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த புழு மீண்டும் தலையெடுத்தது. மருந்தைக் கைவிட்ட பின்னரே பழைய சமநிலை திரும்பலாயிற்று. மண்ணில் நெடுநாள் தங்கும் இயல்பினதாகிய அந்நஞ்சை, தெளித்த பின் மீட்டெடுத்தல் எவர்க்கும் இயலாது.

மென்பொருளாளர்க்கு இரு வசதிகள் உண்டு. ஒன்று, பதிப்புக் கட்டுப்பாடு: நிரலில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் செய்தவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றுடன் பதியப்படும், வேண்டின் முந்திய நிலைக்கு உடனே மீளலாம். பெல் ஆய்வுக்கூடத்தில் 1972இல் மார்க் ரொச்கைண்ட் இதற்கென ஒரு முறைமையை அமைத்தார். இன்று பெருவழக்காயுள்ள ‘கிட்’ 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கியது. மற்றையது, அலகுச் சோதனை: நிரலின் சிறுசிறு உறுப்புகளைத் தனித்தனியே இயக்கி, எதிர்பார்த்த விடை வருகின்றதா எனப் பார்த்தல். 1997இல் கென்ட் பெக், எரிக் காமா என்னும் இருவர் ஆகாய விமானப் பயணமொன்றின்போது எழுதத் தொடங்கிய ‘ஜேயூனிட்’ இதனைப் பரவச்செய்தது. அது எந்த நிரல்மொழிக்கென எழுதப்பட்டதோ அம்மொழியின் பெயரும், நம் குளவி பிறந்த யாவாத் தீவின் பெயரே!

சோதனையின் பெரும்பயன் அது எழுதப்பட்ட நாளிலன்று, பின்னொருநாள் வேறொருவர் நிரலைத் திருத்தும்போதே வெளிப்படும். பழைய சோதனைகள் யாவும் ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் மீள நடத்தப்படல் வேண்டும். குளவி உயிரோடுள்ளதா எனத் தெளிப்புக்குப் பின் பார்ப்பதற்கு நிகரானது அது.

தோட்டச் செக்ரோலையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குரிய கொழுந்தளவு 18 கிலோ என்றும், அதனை எட்டினோர்க்கு முழுப்பேர், எட்டாதோர்க்கு அரைப்பேர் என்றும் கொள்க. கூலி கணிக்கும் நிரலுக்கு மூன்று சோதனைகள் இன்றியமையாதவை: 17க்கு அரைப்பேர், 18க்கு முழுப்பேர், 19க்கு முழுப்பேர். மிகைக்கிலோக் கணக்கைச் சேர்க்கவந்த ஒருவர், ‘18 அல்லது அதற்கு மேல்’ என்றிருந்ததை ‘18க்கு மேல்’ என மாற்றிவிட்டார் எனின், 17உம் 19உம் சரியாகவே வரும். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குக் குறை புலப்படாது. சரியாக 18 கிலோ பறித்த பெண் மட்டும் அரைநாட் கூலியை இழப்பாள். நடுச்சோதனை அப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். எத்திருத்தத்தில் அது புகுந்ததென்பதைப் பதிவேடு காட்டும். சம்பளநாளுக்கு முன்னரே முந்திய வரியை மீட்டுவிடலாம்.