கைகாட்டியின் பொருள் மாற்றம்: பிரித்தானிய ரயில் பாதைகளில் செமாஃபோர் சிக்னல்

ரயில் பாதையோரக் கம்பத்தில் பொருத்தப்பட்ட கையொன்று, தான் நிற்கும் கோணத்தால் எஞ்சின் ஓட்டுநருக்கு ஆணையிடும் அமைப்பே செமாஃபோர் எனப்படும். அடையாளம், தாங்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த இப்பெயரைக் காட்டிலும், தமிழ் வழக்கிலுள்ள ‘கைகாட்டி’ அதன் செயலை நேராக உணர்த்துகிறது. பிரித்தானியாவில் அக்கை பெற்ற மாற்றங்களைத் தொடர்ந்து நோக்கினால், ‘குறி இல்லாமையே செல்வதற்கான அனுமதி’ என்ற பழைய கருத்து படிப்படியாகக் கைவிடப்பட்டமை புலப்படும்.

பாரிசுக்கும் லீலுக்கும் இடையே 1794-இல் க்ளோத் ஷாப் இயக்கிய ஒளிவழித் தந்தியே இவ்வமைப்பின் முன்னோடி. அதே முறையை 1840-களின் தொடக்கத்தில், லண்டன்–குராய்டன் ரயில்வேயின் நியூ கிராஸ் நிலையத்தில் சார்லஸ் ஹட்டன் கிரெகரி ரயிலுக்குப் பயன்படுத்தினார். கை கிடையாக நின்றால் ‘நில்’ என்றும், சாய்ந்து நின்றால் ‘எச்சரிக்கையுடன் செல்’ என்றும், கம்பத்தின் பிளவுக்குள் மறைந்துவிட்டால் ‘தடையில்லை’ என்றும் கொள்ளப்பட்டது. வண்டிகளுக்கிடையே குறித்த நிமிட இடைவெளி விடும் முறை அக்காலத்தில் நிலவியதால், முந்தைய வண்டி புறப்பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதையே கை காட்டியது. முன்னுள்ள பாதை உண்மையில் வெறுமையாக உள்ளதா என்பதை அது காட்டவில்லை.

கை மறைவதையே அனுமதியாகக் கொண்ட இம்முறையின் குறை 1876 ஜனவரி 21 அன்று, ஆபட்ஸ் ரிப்டனில் வெளிப்பட்டது. கிரேட் நார்தர்ன் ரயில்வேயில் கைகள் வழக்கமாகப் பிளவுக்குள் மறைந்தே இருக்க, தேவைப்படும்போது மட்டும் வெளியே தள்ளப்பட்டன. பனிப்புயலில் பிளவுக்குள் பனி இறுகியதால், சிக்னல் கேபினில் லீவரை இயக்கியும் கை அசையவில்லை; எனவே லண்டனை நோக்கி விரைந்த ஸ்காட்லாந்து விரைவு வண்டி, ஒதுங்கிக்கொண்டிருந்த நிலக்கரி வண்டியில் மோத, எதிர்த்திசையில் வந்த லீட்ஸ் விரைவு வண்டி அச்சிதைவுகளின் மீது மோதியது. இதன்பின் ‘நில்’ என்பதே கையின் இயல்பு நிலையாக்கப்பட்டதுடன், கம்பத்தை விட்டு விலகிச் சுழலும் கைகளையும் அந்நிறுவனம் அமைத்தது.

இரவுக் குறியிலும் இதே குறை இருந்தது. தொடக்கத்தில் வெள்ளை ஒளி அனுமதியையும் பச்சை எச்சரிக்கையையும் குறித்தன. ஆகவே சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால், தடுக்க வேண்டிய விளக்கே அனுமதி தந்துவிடும். நகர விளக்குகள் பெருகியதும் குழப்பம் மிகுந்ததால், 1890-களில் பச்சையே அனுமதிக்குரிய நிறமாயிற்று. எண்ணெய் விளக்கின் சுடர் மஞ்சள் சார்ந்தது என்பதால், பச்சையொளி பெறக் கைகாட்டியில் நீலஞ்சார்ந்த கண்ணாடி பொருத்தப்பட்டது.

ஆர்மாவில் நிகழ்ந்த ரயில் விபத்தை அடுத்து இயற்றப்பட்ட 1889-ஆம் ஆண்டுச் சட்டம், பாதையைப் பகுதிகளாக்கி ஒவ்வொன்றிலும் ஒரே வண்டியை அனுமதிக்கும் பிளாக் முறையைக் கட்டாயமாக்கியபோது, கை நேரத்தைக் குறிப்பதை விட்டு இடத்தைக் குறிக்கலாயிற்று. நிலையத்துக்கு முன்னுள்ள ஹோம், வண்டி புறப்படுமிடத்திலுள்ள ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் கை கிடையாக இருந்தால் ஓட்டுநர் நிற்க வேண்டும். அவற்றுக்கு வெகு முன்பே நிற்கும் டிஸ்டன்ட் கிடையாக இருந்தாலோ, அடுத்த சிக்னலில் நிற்க ஆயத்தமாகி அதைக் கடக்கலாம். இவ்விரு வகைகளையும் பகலில் பிரித்தறிய, 1872-இல் நார்வுட் சந்திப்பில் டிஸ்டன்ட் கையின் நுனி மீன்வால் போல வெட்டப்பட்டது. 1920-களில் அதற்கு மஞ்சள் நிறமும் வந்தது. இந்தியப் பாதைகளில் இவ்வெச்சரிக்கைப் பணியை ‘வார்னர்’ என்னும் மீன்வால் கை செய்தது.

அனுமதிக்குக் கீழே சாயும் கைகளை எதிர்ப்பளுவே கிடைநிலையில் தாங்கியது. படிந்த பனியின் எடையோ அவற்றைக் கீழே இழுக்கக்கூடியது. எனவே 1920-கள் முதல் கிரேட் வெஸ்டர்ன் தவிர்ந்த பெரும் ரயில்வேக்கள் கை மேலே உயரும் வகைக்கு மாறின. அவ்வகையில் கையை இழுக்கும் கம்பி அறுந்தாலும், கை தன் எடையாலேயே இறங்கி ‘நில்’ என்ற நிலையை அடையும். கை மறைந்திருந்தாலே வழி உண்டு என்ற பழைய விதி, கை உயர்ந்தாலன்றி வழி இல்லை என்பதாக இவ்வாறு மாறிற்று.